தேங்க்ஸ் சொல்கிற பிள்ளைக்கு நன்றி புரிந்திருக்கிறதா?

ஆகஸ்டு கடைசி வந்தால் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கத்தரிக்கோலும் பசையும் மேசைக்கு வந்துவிடும். செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை ஆசிரியர் தினம். அன்று பள்ளி விடுமுறை என்பதால் முந்தைய நாளே கொண்டாட்டம். வாழ்த்து அட்டையும் அன்றைக்கே போயாக வேண்டும். பிள்ளை தன் பெயரை மட்டும் எழுதும். மீதி வாசகம் அம்மாவின் கையெழுத்தில், பிள்ளையே எழுதியதுபோல் கொஞ்சம் கோணலாக. அதே வாரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றியே கிடையாது" என்று தட்டிவிடுவார். வரிசையாகக் கட்டைவிரல்கள் விழும்.

அட்டை எழுதித் தருபவரும் குறைப்பட்டுக்கொள்பவரும் ஒரே மாதிரிதான் நினைக்கிறார்கள். நன்றி என்பது பிள்ளையின் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு சொல். வந்துவிட்டால் நல்ல பிள்ளை, வராவிட்டால் வளர்ப்பில் கோளாறு. ஏழெட்டு வயதில் மனத்துக்குள் நடப்பது இதைவிடச் சிக்கலானது. வகுப்பில் இதற்காகச் செய்யும் நடவடிக்கைகளில் எதில் சத்து இருக்கிறது, எது வெறும் அலங்காரம் என்று தெரிந்துகொள்ள அந்தச் சிக்கலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். மேல்வகுப்புகளுக்கு இதில் பாதி பொருந்தாது.

## வாசிப்பு வேறு, கருத்தறிதல் வேறு

நம் பிள்ளைகளின் தமிழ்ப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் ஒரு பத்தியைத் தங்குதடையில்லாமல் வாசித்துவிடும் பிள்ளை, அதே பத்தியைக் கருத்தறிதலில் கொடுத்தால் திருதிருவென்று விழிக்கும். ழகரமும் ளகரமும் சுத்தமாக வந்திருக்கும். "கதையில் அந்தப் பாட்டி ஏன் கோபப்பட்டார்?" என்று கேட்டால் பதில் வராது. ஆசிரியர்களுக்கு இது பழகிப்போன விஷயம். உச்சரிப்புக்கு ஒரு பயிற்சி, பொருளுக்கு வேறு பயிற்சி. ஒன்று வந்துவிட்டதால் மற்றொன்றும் வந்துவிட்டது என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

'தேங்க்ஸ்' சொல்வது வாய்விட்டு வாசிப்பதுபோல. நன்றியுணர்வு கருத்தறிதல்போல. முதலாவதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தே கொண்டுவந்துவிடலாம். "ஆன்ட்டிக்கு என்ன சொல்லணும்?" என்று நாம் கேட்பதும், பிள்ளை தரையைப் பார்த்தபடி "தேங்க் யூ" என்பதும் புளோக்குக்குக் கீழே தினமும் நடக்கிற நாடகம். 1980-இல் கிரைஃப், கிளீசன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே பார்த்தார்கள். 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளைப் பெற்றோருடன் வரவழைத்து, ஒரு பரிசு கொடுத்து, என்ன நடக்கிறது என்று பதிவு செய்தார்கள். வணக்கம், நன்றி, போய்வருகிறேன் ஆகிய மூன்றில் பிள்ளைகள் தாமாகச் சொல்வது மிகக் குறைவாக இருந்தது 'நன்றி'தான். பெற்றோர் தூண்டத் தூண்டத்தான் அது வந்தது.

இதற்காகத் தூண்டுவதை நிறுத்திவிட வேண்டியதில்லை. மரியாதைச் சொற்கள் எல்லா மொழியிலும் இப்படித்தான் படிகின்றன. அந்தச் சொல் வந்ததை வைத்து உள்ளே பொருள் ஏறிவிட்டது என்று முடிவுகட்டுவதுதான் தவறு. சொல் வராததை வைத்துப் பொருளே இல்லை என்பதும் அதே தவறுதான். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை பத்துப் பேர் முன்னால் வாயைத் திறக்காது. வீட்டுக்குப் போய், "டீச்சர் இன்னிக்கு எனக்காகக் காத்திருந்தாங்க" என்று பாட்டியிடம் மூன்று தடவை சொல்லும்.

## உள்ளே நடக்கும் கணக்கு

நன்றியுணர்வுக்கு ஒரு விளக்கம் வேண்டுமே. இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் உளவியலாளர் ராபர்ட் எமன்ஸ் அதை இரண்டு பாதியாகச் சொல்கிறார். எனக்கு ஒரு நல்லது கிடைத்திருக்கிறது என்று உணர்வது முதல் பாதி. அது எனக்கு வெளியே இருந்து, இன்னொருவரிடமிருந்து வந்தது என்று உணர்வது அடுத்த பாதி. முதல் பாதி மட்டும் இருந்தால் அது வெறும் சந்தோஷம். புது சைக்கிளைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கிறது. வாங்கித் தந்தவரை அது இன்னும் நினைத்தே பார்க்கவில்லை.

இரண்டாவது பாதி எப்படி வருகிறது? அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா ஹசாங் தலைமையில் பெற்றோர்–பிள்ளைகளை ஆராய்ந்த குழு அதை நான்கு படிகளாகப் பிரிக்கிறது: கவனிப்பது, யோசிப்பது, உணர்வது, செய்வது. கிடைத்ததைப் பிள்ளை முதலில் கவனிக்க வேண்டும். அது ஏன் கிடைத்தது என்று யோசிக்க வேண்டும். அந்த யோசனையிலிருந்து ஓர் உணர்வு வர வேண்டும். கடைசியில்தான் ஏதாவது செய்வது: சொல்வது, அட்டை கொடுப்பது, பதிலுக்கு உதவுவது. வீட்டிலும் பள்ளியிலும் நாம் பெரும்பாலும் நாலாம் படியில்தான் நிற்கிறோம். நடுவில் இருக்கும் யோசிக்கும் படிதான் எல்லாவற்றையும் நகர்த்துவது. அதற்குத்தான் ஆள் இல்லை.

யோசிக்கும் படியில் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. அவர் வேண்டுமென்றே எனக்காக இதைச் செய்தாரா? இதைச் செய்ய அவர் எதை விட்டுக்கொடுத்தார்? இதனால் எனக்கு என்ன நன்மை? சுருக்கமாக நோக்கம், இழப்பு, பயன். ஜெஃப்ரி ஃப்ரோ என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 8 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பில் இந்த மூன்றையும் யோசிக்கக் கற்றுக்கொடுத்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பாடங்களில் "நன்றி சொல்லுங்கள்" என்ற வற்புறுத்தல் இல்லை. ஒருவர் உதவும் சூழலைச் சொல்லி, அவர் ஏன் செய்தார், அவருக்கு என்ன ஆயிற்று என்று பேசவைத்தார்கள். அப்புறம் பெற்றோர்–ஆசிரியர் சங்கத்துக்கு அட்டை எழுத வாய்ப்புக் கொடுத்தபோது, யோசிக்கக் கற்ற வகுப்புகளிலிருந்து கூடுதல் அட்டைகள் வந்தன. மூன்றாவது படியையும் நாலாவது படியையும் தனியாகத் தள்ள வேண்டியிருக்கவில்லை.

இந்த மூன்று கேள்விகளுக்கும் அடியில் ஒரு திறன் இருக்கிறது. என் மனத்தில் இருப்பது வேறு, அவர் மனத்தில் இருப்பது வேறு என்று புரிந்துகொண்டு அவர் மனத்தை ஊகிக்கும் திறன். உளவியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. நாம் 'பிறர்மன ஊகம்' என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது 4, 5 வயதில் துளிர்க்கிறது. 2013-இல் வந்த ஓர் ஆய்வில், 3, 4 வயதில் பிறருடைய உணர்ச்சிகளையும் எண்ணங்களையும் நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளைகள், 5 வயதில் நன்றி என்றால் என்ன என்பதையும் கூடுதலாகப் புரிந்துவைத்திருந்தார்கள். ஆக, பாலர் பள்ளியில் "அவனுக்கு இப்ப எப்படி இருக்கும்?" என்று கேட்கும் ஆசிரியர், தமக்குத் தெரியாமலே தொடக்கநிலை ஒன்றுக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நன்றியுணர்வு என்பது கிடைத்ததைப் பற்றிய மகிழ்ச்சியும் கொடுத்தவரைப் பற்றிய ஊகமும் சேர்ந்தது. ஊகம் நோக்கம், இழப்பு, பயன் என்ற மூன்றின் மேல் நிற்கிறது. சொல் கடைசியில் வருவது.

## ஏழு வயதுக்கு எது எட்டும்

பெரியவர்கள் காட்டும் நன்றியை ஏழு வயதில் எதிர்பார்ப்பதுதான் வாட்ஸ்அப் புலம்பலில் பாதி. சுவிட்சர்லாந்தில் ஃபிரான்சிஸ்கா பாம்கார்ட்டன்-டிராமர் என்ற உளவியலாளர் 1938-இலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். 7 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இரண்டே கேள்விகள்: உன் பெரிய ஆசை என்ன? அதை நிறைவேற்றித் தருபவருக்கு நீ என்ன செய்வாய்?

சிலர் "நன்றி சொல்வேன்" என்றார்கள். சிலர் தங்களிடம் இருந்த பொருளைக் கொடுப்பதாகச் சொன்னார்கள்: என் பொம்மை, என் புத்தகம், என் மிட்டாய். இன்னும் சிலர், அவருக்கு என்ன தேவையோ அதைச் செய்வேன், அவருக்கு ஒரு கஷ்டம் வந்தால் உதவுவேன் என்றார்கள். சின்ன வயதில் இரண்டாவது வகைப் பதில்கள் நிறைய. வயது ஏற ஏற அவை குறைந்து மூன்றாவது வகை கூடுகிறது. பின்னாளில் பிரேசில் உட்படப் பல நாடுகளில் இதே கேள்விகளைக் கேட்டவர்களும் ஏறக்குறைய இந்தப் போக்கைத்தான் கண்டார்கள்.

இரண்டாவது வகையைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். டீச்சருக்கு ஆசிரியர் தினப் பரிசாகத் தன் போக்கிமான் அட்டையைக் கொடுக்கும் பையனைத் தடுத்து, "இதெல்லாமா கொடுப்பாங்க" என்று ஒரு வாசனை மெழுகுவத்தியை வாங்கித் திணிப்போம். அந்த அட்டை அவனுடைய சொத்து. கொடுத்தவருக்கு ஏதாவது திருப்பித் தர வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு எது பிடிக்கும் என்று ஊகிப்பது மட்டும்தான் பாக்கி. கணக்கில் கடைசி வரி மட்டும் தப்பான விடைத்தாள் அது. ஆசிரியராக இருந்தால் நான் அந்த அட்டையை வாங்கி மேசையில் வைத்துக்கொள்வேன்.

## ஒரு இடைவேளையை எடுத்துக்கொண்டு

இங்குள்ள அமைப்பு இந்த யோசிக்கும் படிக்கு நன்றாகவே இடம் கொடுத்திருக்கிறது. 2019 முதல் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் கிடையாது. விளையாட்டு, வெளிப்புறக் கல்வி, நிகழ்கலை, ஓவியம் வழியாகப் பழகும் திறன்களை வளர்க்கும் பிஏஎல் திட்டமும் இந்த இரண்டு வகுப்புகளுக்காகத்தான். கல்வி அமைச்சு வகுத்த ஆறு விழுமியங்களில் (மரியாதை, பொறுப்பு, மீள்திறன், நேர்மை, பரிவு, நல்லிணக்கம்) நன்றி தனித் தலைப்பாக இல்லை. பரிவுக்குக் கீழேயும் மரியாதைக்குக் கீழேயும் அது எட்டிப் பார்க்கும். குணநலன், குடியியல் பாடத்தை, அதாவது பிள்ளைகள் 'சிசிஇ' என்று சொல்வதை, தொடக்கப்பள்ளியில் தாய்மொழி ஆசிரியர்களும் நடத்துகிறார்கள். நம் பிள்ளைகள் இந்த விஷயத்தைத் தமிழில் பேசிப் பார்க்கக் கிடைக்கும் அரிய நேரம் அது.

அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு, இங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். ஜனவரியில் தொடக்கநிலை 1-இல் சேரும் பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் ஒரு 'பட்டி' கிடைப்பார்: மேல்வகுப்பில் படிக்கும் அண்ணன் அல்லது அக்கா. இடைவேளையில் கூட்டிக்கொண்டு போய், எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்று காட்டி, வரிசையில் நிற்கவைத்து, மீதிக் காசை எண்ணிப் பார்த்து, சூடான கிண்ணம் கவிழாமல் மேசை வரைக்கும் தூக்கி வந்து தருவார். சில வாரங்கள் கழித்து வகுப்பில் ஆசிரியர் கேட்கிறார் என்று வையுங்கள்.

"பட்டி அண்ணன் உனக்கு என்ன கொடுத்தார்?"

"மீ சூப்."

"அது யார் காசு?"

"என் காசு."

"அப்ப அவர் என்ன கொடுத்தார்?"

இங்கே பிள்ளை திணறும். திணற வேண்டும். பொருளாக எதுவும் கைமாறவில்லை என்பதால்தான் இந்த உதாரணம் நல்லது. கொஞ்ச நேரத்தில் "கியூவில நின்னார்" என்று ஒரு குரல் வரும்.

"அவர் எப்போ சாப்பிட்டார்?"

"அவர் சாப்பிடல."

"ஏன்?"

"பெல் அடிச்சிருச்சு."

இப்போது பலகையில் ஒரு கடிகாரம் வரையலாம். இடைவேளை அரை மணி நேரம் என்றால், உனக்காக அண்ணன் நின்றது எவ்வளவு, அவருக்கு மிஞ்சியது எவ்வளவு என்று பிள்ளைகளே வண்ணம் தீட்டட்டும். கடிகாரத்தில் அண்ணனுக்கு மிஞ்சியது ஒரு மெல்லிய துண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு அரை மணி இடைவேளை எவ்வளவு பெரிய சொத்து என்று நமக்கு மறந்துபோயிருக்கும், அதற்கு மறந்திருக்காது. தன்னுடைய அளவுகோலாலேயே அடுத்தவர் இழப்பை அளக்க முடிகிற இடம் இது. அடுத்த கேள்வி நோக்கத்துக்கு: "டீச்சர் சொன்னதால வந்தாரா, அவருக்கே ஆசையா?" இரண்டும்தான் என்று யாராவது சொல்வார்கள். டீச்சர் கூட்டிக்கொண்டு போகத்தான் சொன்னார். கிண்ணத்தைத் தூக்கச் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் இருபது நிமிடம் போதும். கடைசியில் அட்டை எழுதலாம், எழுதாமலும் விடலாம். எழுதினால் அதில் "தேங்க் யூ ஃபார் எவ்ரிதிங்" இருக்காது. "நீங்க பசியோட போனீங்க" என்று இருக்கும். எழுத்துப்பிழையோடு.

## மரமும் ஸ்டிக்கரும்

வகுப்புச் சுவரில் காகித மரம் ஒட்டி, ஒவ்வொரு இலையிலும் ஒரு நன்றியை எழுதவைப்பது இங்கே ரொம்பப் பிரபலம். பார்க்க அழகு. இலைகளைக் கிட்டப் போய்ப் படித்தால் அம்மா, அப்பா, ஐபேட், பீட்சா என்று ஓடும். கவனிக்கும் படிக்கு இது போதும்; யோசிக்கும் படிக்கு இலையில் இடமே இல்லை. எளிதாகச் சரிசெய்யலாம். இலையின் ஒரு பக்கம் "என்ன", மறுபக்கம் "யார், எப்படி" என்று வைத்தால் பீட்சாவுக்குப் பின்னாலும் ஓர் ஆள் வந்தாக வேண்டும். எழுதச் சிரமப்படும் பிள்ளைகள் வரையலாம். தமிழில் சொல் கிடைக்காத பிள்ளையிடம் ஆங்கிலச் சொல்லை வாங்கிக்கொண்டு தமிழ்ச் சொல்லைக் கொடுக்கலாம். உணர்ச்சியைப் பேசும் நேரத்தில் சொல்வளச் சோதனை வேண்டாம்.

தினமும் எழுதவைத்தால் கூடுதல் பலன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2005-இல் சோன்யா லியூபோமிர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையில், ஆறு வாரம் வாரத்துக்கு ஒருமுறை நல்லவற்றை எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. வாரத்துக்கு மூன்று முறை செய்தவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் வளர்ந்தவர்கள்தான், ஆனாலும் சலிப்பு எல்லா வயதுக்கும் பொது. தினமும் காலையில் மூன்று நன்றி எழுதும் பிள்ளை, இரண்டாவது வாரத்திலிருந்து முதல் வாரத்தைப் பார்த்து எழுதும்.

ஸ்டிக்கர் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. யார் அதிகம் தேங்க்ஸ் சொன்னாரோ அவருக்கு நட்சத்திரம் என்று ஒரு பட்டியல் தொங்கினால், பிள்ளையின் கண் உதவியவரை விட்டுவிட்டு நட்சத்திரத்துக்குப் போய்விடும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் செய்த புகழ்பெற்ற பரிசோதனையில், வரைவதை விரும்பிய பாலர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிற்பாடு சும்மா விட்டபோது அந்தப் பிள்ளைகள்தான் குறைவாக வரைந்தார்கள். அது நன்றியைப் பற்றிய ஆய்வு இல்லை என்பது சரி. ஆனால் மனத்திலிருந்து வர வேண்டிய ஒன்றுக்குக் கூலி பேசும்போது என்ன ஆகும் என்று காட்டுகிறது.

## "அவர் சம்பளம் வாங்குறாரே!"

பள்ளித் துப்புரவாளர் ஆன்ட்டிக்கு நன்றி சொல்லும் வாரம் நடந்தால், ஏதாவது ஒரு புத்திசாலிப் பிள்ளை கட்டாயம் இதைக் கேட்கும். ஆசிரியர் சங்கடப்பட்டு, "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அடக்கிவிடுவதுதான் வழக்கம். அடக்க வேண்டாம். பிள்ளை நோக்கத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் சான்று. காசுக்காகச் செய்தால் அது எனக்காகச் செய்தது ஆகுமா? பெரியவர்களே முடிவு காணாத கேள்வி.

இந்த வயதுக்கு ஒரு வழி உண்டு: வேலையையும் வேலைக்கு மேல் செய்ததையும் பிரித்துக் காட்டுவது. தரையைத் துடைப்பது ஆன்ட்டியின் வேலை. நீ வாந்தி எடுத்த அன்று துடைத்துவிட்டு, முதுகைத் தடவி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாரே, அது எந்த வேலைப் பட்டியலிலும் இல்லை. பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டால் கிடுகிடுவென்று உதாரணம் சொல்வார்கள்: அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்த பஸ் அங்கிள், இரண்டு ஃபிஷ்பால் கூடப் போட்ட கடைக்காரம்மா.

கூடவே, வேலையின் பாரத்தைக் கையால் தெரிந்துகொள்ளவும் இங்கே வழி இருக்கிறது. பிள்ளைகள் தினமும் தங்கள் வகுப்பறையையும் சாப்பிடும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும் என்று 2016-இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் எல்லாப் பள்ளிகளிலும் அது பழக்கமாகிவிட்டது. மேசைக்கு அடியில் ஒட்டிக்கிடக்கும் சோற்றுப்பருக்கையைச் சுரண்டிப் பார்த்த பிள்ளைக்கு, இழப்பு என்ற கேள்விக்குப் பதில் விரல்நுனியில் இருக்கும்.

ஆனால் பள்ளி முடிந்து வாசலுக்கு வந்ததும் வீட்டுப் பணிப்பெண்ணின் தோளுக்குப் பை மாறுவதையும் தினம் பார்க்கிறோம். பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காது. வகுப்பில் இருபது நிமிடம் கட்டியதை அந்த அரை நிமிடம் பிரித்துப்போடும். பை பிள்ளையின் தோளிலேயே வீடு வரைக்கும் வரட்டும். சிசிஇ பாடத்துக்கு அதைவிட நல்ல வீட்டுப்பாடம் இல்லை.

## நன்றியும் கடனும்

"உனக்காக நாங்க எவ்வளவு கஷ்டப்படுறோம் தெரியுமா?" இழப்பைச் சொல்லிக்காட்டுவதுதானே, அப்படியென்றால் நன்றி வர வேண்டுமே என்று தோன்றும். வராது. கொடுத்தவர் பதிலுக்கு எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தால் பெறுபவருக்கு எழுவது வேறோர் உணர்வு: கடன்பட்ட உணர்வு, அதாவது திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி. பிலிப் வாட்கின்ஸ் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் காட்டியது இதைத்தான். கொடுப்பவரின் எதிர்பார்ப்பு ஏற ஏற, பெறுபவரின் கடன் உணர்வு கூடுகிறது, நன்றியுணர்வு இறங்குகிறது. டியூஷன் கட்டணத்தைச் சொல்லிக்காட்டும் ஒவ்வொரு தடவையும் பிள்ளை கற்பது வட்டிக்கணக்கு. இழப்பைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும்போதும், அல்லது மூன்றாவது ஆள் சொல்லும்போதும் கதை மாறுகிறது. "அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுத் தூங்காம உன்னோட ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்தார், பார்த்தியா?" என்று அம்மா சொல்லலாம். அதை அப்பாவே சொன்னால் அது பில்.

இன்னொரு பழக்கம், "சாப்பாடே கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?" என்பது. இதில் கொடுத்தவர் எங்கே? யாருமே இல்லை. பிள்ளைக்கு வருவது நிம்மதியாக இருக்கலாம், குற்றவுணர்வாக இருக்கலாம், பல சமயம் வெறும் குழப்பம். தட்டில் சோறு மிஞ்சுவதைத் தடுக்க அது உதவுமோ என்னவோ, நன்றிக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

சுருக்கம்: இழப்பைத் தெரிந்துகொள்வது நன்றிக்கு உரம். அதையே கொடுத்தவர் சொல்லிக்காட்டினால் கடன்.

## ஆய்வுகள் எவ்வளவு உறுதி தருகின்றன?

நன்றி எழுதினால் பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கும், மதிப்பெண் கூடும், தூக்கம் நன்றாக வரும் என்றெல்லாம் சுற்றும் செய்திகளுக்குப் பெரும்பாலும் ஒரு மூலம் உண்டு: 2003-இல் எமன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் வெளியிட்ட ஆய்வு. அதில் பங்கெடுத்தவர்கள் பெரியவர்கள்: கல்லூரி மாணவர்களும், நரம்புத்தசை நோயுள்ளவர்களும். 2008-இல் ஃப்ரோ அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனபோது எடுத்துக்கொண்டதும் பதின்ம வயதை நெருங்கிய 221 மாணவர்களைத்தான். தொடக்கநிலை 1, 2 வயதுக்கு அந்த முடிவுகளை அப்படியே இறக்கிவிட முடியாது.

சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துச் செய்த ஆய்வுகள் கொஞ்சம்தான். 2013-இல் 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளை நன்றிக்குரியதைப் படமாக வரையச் சொன்ன ஓர் ஆய்வில், சாதாரணப் படம் வரைந்த பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பள்ளிகளில் நடந்த நன்றி நடவடிக்கைகளின் முடிவுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்து 2016-இல் வந்த ஓர் ஆய்வும், பொதுவாக அவை பெரிதாகப் பலன் தரவில்லை என்றே சொன்னது. பட்டியல் போடுவதும் படம் வரைவதும் மட்டும் போதாது என்பது என் வாசிப்பு. யோசிக்கும் படியைக் கற்றுக்கொடுத்த வகுப்புகளில் முடிவு கொஞ்சம் தெம்பாக இருப்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் அங்கேயும் பிள்ளைகளின் வயது 8-உம் அதற்கு மேலும்.

அதனால் பள்ளியோ வீடோ இதை மகிழ்ச்சி மாத்திரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வயதில் பார்க்க வேண்டியது, பிள்ளையின் கதையில் ஆட்கள் வருகிறார்களா என்பதுதான். "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன கிடைச்சுது?" என்ற கேள்விக்குத் தொடக்கநிலை 1 தொடக்கத்தில் "ஸ்டிக்கர்", "கேக்" என்று பொருளாகப் பதில் வரும், அது இயல்பு. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவ்வப்போது "எனக்கு எரேசர் இல்லன்னு அவளோடதை ரெண்டா உடைச்சுக் கொடுத்தா" என்று வர ஆரம்பித்தால் நோக்கம், இழப்பு, பயன் மூன்றும் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கின்றன. அந்தப் பிள்ளை அன்றைக்குத் தேங்க்ஸ் சொன்னதா என்று கேட்டால், மறந்திருக்கும். நாளைக்குப் போய்ச் சொல்லச் சொல்லலாம், அவசரமில்லை.